விராலிமலைக்கு நேர்ந்த முடி

தங்கச்சி,

இன்று காலையில் கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டு வருகிறவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த ஐஸை இரண்டு கையாலும் ஒதுக்கினார். ஒரு துண்டு நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தவன் கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். மீன் வாடைக்கு அடியில் குளிருக்கென்று ஒரு வாடை இருக்கிறது. திருச்சி ஆஸ்பத்திரியில் உன் தலையிலிருந்து அந்தத் தொப்பியைக் கழற்றும்போது வந்தது அந்த வாடைதான்.

"என்ன பெரியவரே, மீனு வேணாமா, ஐஸு மட்டும் போதுமா?" என்றார் அவர்.

உன் மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "அவருக்குத் தங்கச்சி நெனப்பு வந்துருச்சு. நீங்க சூடை மீனை எடை போடுங்க" என்றாள்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் மலர்தான் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும், நீ படிக்கவைத்த பிள்ளை. நடுவில் அவள் பேனாவை நிறுத்தினால் நானும் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

உன் தலையில் முதன்முதலில் சடை போட்டது இந்தக் கைதான். அம்மா விடியுமுன்னே களையெடுக்கக் கிளம்பிவிடுவாள். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள், நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன். சடை போடாமல் போனால் டீச்சர் வெளியில் நிறுத்துவார் என்று நீ அழுவாய். எனக்குத் தெரிந்தது கயிறு ஒன்றுதான். கத்தாழை நாரை அடித்து மாட்டுக்குப் பிடிகயிறு பின்னிய கை. உன் முடியையும் மூன்று பிரியாகப் பிரித்து, அதே இறுக்கத்தில் போட்டுவிட்டேன். உன் புருவம் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன.

"அண்ணே, இதுல மாட்டைக் கட்டலாம். அறுக்காது."

"அறுக்காம இருக்கத்தான் பின்றது. பேசாம போ."

சாயங்காலம் நீ திரும்பி வரும்போது ஒரு மயிர் கூட நழுவியிருக்காது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தலைவலி என்று நீ சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை. நீ பெரியமனுஷி ஆகிறவரைக்கும் அந்த வேலை என்னுடையது. அதற்குப் பிறகு நீயே பின்னிக்கொண்டாய். இடுப்புக்குக் கீழே தொங்கும். திருவரங்குளத்துக்கு நீ வாழ்க்கைப்பட்டுப் போன அன்றைக்கு, நாம் போட்ட நகையை விட்டுவிட்டு உன் சடையைப் பற்றித்தான் அந்த ஊர்ப் பெண்கள் பேசினார்கள்.

அந்த முடியைத்தான் நீ நேர்ந்துகொண்டாய்.

உன் வீட்டுக்காரர் தவறிய பிறகு நீ நம் ஊருக்கே திரும்பிவந்து பக்கத்துத் தெருவில் இருந்தாய். மலருக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. மாப்பிள்ளை சவுதியில், வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஒரு கிருத்திகைக்கு நீயும் நானும் விராலிமலைக்குப் போயிருந்தோம். கும்பிட்டுவிட்டுப் படியிறங்கும்போது, பாதியில் உட்கார்ந்தாய். கால்வலி என்று நினைத்தேன்.

"அண்ணே, மேல ஒண்ணு சொல்லிட்டு வந்துருக்கேன். ஒனக்கும் தெரியணும். மலருக்கு ஒரு புள்ளை பொறந்தா, அந்தப் புள்ளைக்கு மொத முடி எறக்குற அன்னிக்கு, பக்கத்துலயே ஒக்காந்து நானும் எறக்குறேன். ரெண்டு முடியும் ஒரே தட்டுல விழணும்."

"மலருகிட்ட சொன்னியா?"

"இல்லை. நீயும் சொல்லாதே. அவளுக்காகன்னு தெரிஞ்சா மாசாமாசம் என் தலையையே பாத்துக்கிட்டு இருப்பா."

அப்படிச் சொன்னவளுக்குச் சாமி கண் திறந்தது. பெண் குழந்தை பிறந்தது. நீ அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது, அது தலையால் உன் மார்பில் முட்டியதில் ஒரு இடம் வலித்தது என்றாய். வலித்த இடத்தைத் தடவிப் பார்த்தபோதுதான் கட்டி கையில் தட்டியது. புதுக்கோட்டையில் பார்த்து, திருச்சிக்கு அனுப்பினார்கள். மார்பில் புற்று. டாக்டரம்மா தள்ளிப்போட வேண்டாம் என்றார். முதலில் ஊசி மருந்து, பிறகு ஆபரேஷன். மருந்து ஏறினால் முடி கொட்டிவிடும் என்றும் சொன்னார்.

நோயைச் சொன்னபோது நீ கலங்கவில்லை. முடியைச் சொன்னபோது கலங்கினாய். டாக்டரம்மா அதை அழகுக் கவலை என்று எடுத்துக்கொண்டார். மலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும். குழந்தைக்கு அப்போது தலையே நிற்கவில்லை. ஒன்பதாம் மாதம் முடி இறக்குவது என்று பேசி வைத்திருந்தது. அதற்குள் உன் தலை காலியாகிவிடும்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாகக் கேட்டேன். "முன்னாடியே போயி நீ மட்டும் எறக்கிட்டு வந்துருவோமா?"

"ஒரே தட்டுன்னு சொல்லியிருக்கேன்ல."

"கொட்டிப்போச்சுன்னா?"

கீரனூர் வரைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாய். பிறகு சொன்னாய்: "தானா கொட்டுனா நோயி எடுத்துக்கிட்டதுண்ணே. நான் குடுத்ததா ஆகாது."

அடுத்த தடவை போனபோது, முடியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டா என்று மலர் கேட்டாள். அதே ஆஸ்பத்திரியில் குளிர் தொப்பி போடுகிற மிஷின் இருந்தது. டாக்டரம்மா கையடித்துச் சொல்லவில்லை. சிலருக்கு நிற்கும், சிலருக்குப் பாதி போகும், சிலருக்கு எல்லாமே போய்விடும், குளிரைத் தாங்க முடியாமல் நடுவிலே விட்டவர்களும் உண்டு என்றார். மலர் உன் முகத்தைப் பார்த்தாள். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"போடுங்கம்மா" என்றாய்.

வீட்டில் உன் மதினி குதித்தாள். "மண்டையில ஐஸை வச்சா ஜன்னி வந்துரும். நோயோட ஜன்னியும் சேந்தா என்னத்துக்கு ஆகும்?"

"ஒங்க வீட்டுக்காரரு இத்தனை வருசத்துல எனக்கு ஒரு தடவை ஐஸு வச்சதில்லை மதினி. அந்த நர்ஸு புள்ளையாச்சும் வைக்கட்டும்" என்றாய். அவளும் சிரித்துவிட்டாள்.

மலர் கைக்குழந்தைக்காரி என்பதால் உன்னோடு வருவது என் வேலையாயிற்று. எந்த வார்டு என்று எனக்குப் படிக்கத் தெரியாது. அந்த மிஷின் போடுகிற சத்தத்தை வைத்துத்தான் அறையைக் கண்டுபிடிப்பேன். சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். அதிலிருந்து குழாய் வந்து தொப்பியில் சேரும். தொப்பிக்குள்ளே குளிர்ந்த தண்ணீர் மாதிரி ஏதோ ஓடிக்கொண்டேயிருக்கும். நர்ஸ் பெண் உன் முடியை நனைத்து, வகிடெடுத்து, தொப்பியை மாட்டி, மேலே இன்னொரு உறையை இழுத்து, தாடைக்குக் கீழே வாரைப் போட்டாள். எங்கேயும் இடைவெளி விடக்கூடாது, மண்டையோடு ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டாத இடத்தில் முடி கொட்டும் என்றாள்.

"இது எப்படிம்மா முடியைப் புடிச்சு நிறுத்துது?" என்று நான் கேட்டேன்.

"மருந்து ரத்தத்துலதான் ஐயா போகும். குளிர்ச்சியில மண்டைத் தோலுக்குப் போற ரத்தம் கொறையும். அப்ப முடி வேருக்குப் போற மருந்தும் கொறையும்."

"புரிஞ்சதாண்ணே? ஒரு வயலுக்கு மட்டும் மடையை அடைக்கிறாங்க" என்றாய், வாருக்குள் வாயை அசைக்க முடியாமல்.

மருந்து ஏறுவதற்கு முன்பே தொப்பியை ஓடவிட்டார்கள். அந்த முதல் கொஞ்ச நேரத்தை நான் மறக்கமாட்டேன். உன் முகம் சுருங்கிக்கொண்டே போனது. நெற்றியில் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். கழற்றச் சொல்லவா என்றேன். தலையை ஆட்ட முடியாததால் கண்ணால் வேண்டாம் என்றாய்.

"பேசுண்ணே. எதையாச்சும் பேசு."

என்ன பேசுவது? நம் வீட்டுக் கருப்பு ஆடு உன் சடை ரிப்பனைத் தின்ற கதையைச் சொன்னேன். முந்திரித் தோப்பில் பழம் பொறுக்கித் தின்று, சாறு பட்டு உன் வெள்ளைச் சட்டையில் போகாத கறை விழுந்ததைச் சொன்னேன். நடுவில் நீ திருத்தினாய். "அது சட்டையில்லை, பாவாடை." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டை மரத்துப்போய்விட்டது என்றாய். இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மார்கழி மாசத்துப் பஜனைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாய். மருந்து தீர்ந்த பிறகும் வெகுநேரம் தொப்பி ஓடியது. நிறுத்திய உடனே கழற்ற விடவில்லை. முடி தொப்பியோடு உறைந்து ஒட்டியிருக்கும், இளகட்டும் என்றாள் நர்ஸ். கழற்றியதும் நான் உன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் தங்கச்சியின் தலை மாதிரியே இல்லை. விடியற்காலையில் தொட்டுப் பார்த்த கல் மாதிரி இருந்தது.

இரண்டாம் ஊசிக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? குளிர்ச்சிதானே வேண்டும் என்று, விளக்கெண்ணெயை உச்சி முதல் நுனி வரை தேய்த்து ஊறவைத்துவிட்டாய். உன் மதினியும் சேர்ந்து தேய்த்துவிட்டாள். சீயக்காய் போட்டும் பாதி எண்ணெய் போகவில்லை. மறுநாள் நர்ஸ் உன் தலையில் கை வைத்துவிட்டு, தன் விரலைப் பார்த்தாள்.

"அம்மா, என்னது இது?"

"குளிர்ச்சிக்கு வச்சதும்மா. ஒங்க மிஷினுக்கும் கொஞ்சம் ஒத்தாசையா இருக்கட்டும்னு."

அந்தப் பெண் கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தொப்பி சரியாக ஒட்டாது என்று சொல்லி, குளியலறைக்குக் கூட்டிப் போய் அவளே அலசிவிட்டாள். "எங்க அப்பத்தாவும் இப்படித்தான் செஞ்சிருக்கும்" என்றாள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தாமதமாகியது. பக்கத்துக் கட்டில் அம்மா, ஆஸ்பத்திரி வார்டில் நாட்டு வைத்தியசாலை எண்ணெய் வாசம் வருகிறதே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குத்தான் அந்த நர்ஸ் எனக்கும் சில விஷயம் சொல்லி அனுப்பினாள். அகலப் பல் சீப்பில்தான் வார வேண்டும், நுனியிலிருந்து மெதுவாக வர வேண்டும். வெந்நீரில் தலைக்கு ஊற்றக்கூடாது. சடை பின்னவே வேண்டாம், சும்மா தொங்கவிட வேண்டும். "வேரை இழுக்காதீங்க ஐயா. அது இப்ப பிடி இல்லாம நிக்கிது." என்னைப் பார்த்து ஏன் சொன்னாள் என்று நான் விழித்தேன். நீதான் முன்னமே என் கயிற்றுச் சடைக் கதையை அவளிடம் சொல்லிவைத்திருக்கிறாய்.

முடி கொட்டாமல் இல்லை. தலையணையில், சீப்பில், குளித்த இடத்தில் எல்லாம் கிடந்தது. உச்சியில் தொப்பி சரியாக ஒட்டாத ஓரிடத்தில் வட்டமாகத் தோல் தெரிந்தது. காலையில் நான் உன் வீட்டுக்கு வந்ததும் நீ முதலில் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டுவாய்.

"பாருண்ணே. நேத்தைக்கு இன்னிக்கு எப்படி?"

"அப்படியேதான் இருக்கு."

"பொய் சொல்லாதே. ஒம் பேச்சு இழுக்குது."

நடுவில் ஒரு தடவை உன்னால் முடியவில்லை. வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்து எழுந்த உடம்பு. தொப்பியை மாட்டியதுமே நடுங்கினாய். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. நர்ஸும் "நிறுத்திரலாமாம்மா?" என்று கேட்டாள். எனக்கும் போதும் என்று இருந்தது.

"விட்டுரு ஆத்தா. சாமி புரிஞ்சுக்கும்" என்றேன்.

"சாமி புரிஞ்சுக்கும். நாந்தான் புரிஞ்சுக்க மாட்டேன்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு நேர்ச்சை விஷயத்தைச் சொன்னோம். அவள் இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து உன் காலைச் சுற்றினாள். "முடி இருக்கணும்னு இதைப் போட்டுக்கிறவங்களைப் பாத்திருக்கேன். குடுக்கணும்னு போட்டுக்கிற ஆளு நீங்கதாம்மா" என்றாள்.

குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்து ஒன்பது பிறந்தது. இன்னும் இரண்டு ஊசி பாக்கி. அப்போதும் உன் தலையில் முடி இருந்தது. பாதிக்குப் பாதி மெலிந்து, உச்சியில் வட்டத்தோடு, ஆனால் இருந்தது. இனி மலரிடம் சொல்லாமல் முடியாது. நீயே சொன்னாய், குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே.

இந்த இடத்தில் மலர் பேனாவை வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா மாமா?" என்கிறாள். எழுது, உன் அம்மாவுக்குத் தெரியாததா என்றேன்.

அவள் அன்றைக்குக் கத்தினாள் தங்கச்சி. "ஊரு கண்ணுல நீ நோயாளியா தெரியக்கூடாதுன்னுதானே அதைப் போட்டோம். அந்தக் குளிரையெல்லாம் தாங்கிக் காப்பாத்துனது கடைசியில மொட்டை போடுறதுக்கா? யாரைக் கேட்டு நேந்துக்கிட்டே? எனக்காக எதுக்கு நீ இப்படிக் கெடக்கணும்?"

நீ சட்டி, கரண்டியைக் கீழே வைத்தாய். "எனக்கு எம் பேத்தி வேணும்னு நேந்தேன். ஒனக்காகன்னு யாரு சொன்னா?"

மலர் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, டாக்டரம்மாவைக் கேட்காமல் தலையில் கத்தி படக்கூடாது என்று மட்டும் சொன்னாள். டாக்டரம்மா ரத்தம் சோதித்துப் பார்த்து, அடுத்த ஊசிக்கு முந்தின வாரத்தில், கூட்டம் இல்லாத நாளாக, புது பிளேடில், வெட்டுப்படாமல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுமதித்தார்.

விராலிமலை அடிவாரத்தில் அன்றைக்கு நல்ல பனி. மண்டபத்துச் சுவரில் ஒரு மயில் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மலருக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால் தாய்மாமன் மடி என்னுடைய மடியாயிற்று. மலருக்கும் என் மடியில்தான் முதல் முடி இறக்கியது. குழந்தை வீல் என்று கத்தியது. பூனை முடி மாதிரி கொஞ்சம் தட்டில் விழுந்தது. அடுத்தது நீ.

மனையில் உட்கார்ந்து, தலைமுடியைப் பின்னால் தள்ளி, என்னைக் கூப்பிட்டாய்.

"அண்ணே, ஒரு தடவை பின்னி விடு."

முடி இறக்குகிற தம்பி கத்தியை வைத்துக்கொண்டு பார்த்தார். "ரெண்டா முடிஞ்சு விட்டாப் போதும்மா."

"பின்னியிருந்தா சிந்தாது தம்பி. மாட்டைக் கட்டுற பின்னல், எங்க அண்ணன் போடுறது."

குழந்தையை மலரிடம் கொடுத்துவிட்டு உன் பின்னால் உட்கார்ந்தேன். மூன்று பிரியாகப் பிரித்தேன். ஒரு காலத்தில் கைப்பிடிக்கு அடங்காத முடி. இப்போது மூன்று பிரியும் சேர்ந்தும் என் சுண்டுவிரல் கனம்தான். வேர் பிடி இல்லாமல் நிற்கிறது என்று அந்த நர்ஸ் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இழுக்காமல், ஒன்றன் மேல் ஒன்றைப் படுக்கவைக்கிற மாதிரி போட்டேன்.

"ம், இது கண்ணுக்குட்டிக்கு ஆகும்" என்றாய்.

தம்பி புது பிளேடை எங்கள் முன்னாலேயே பிரித்துப் போட்டார். பிறகு குவளையில் தண்ணீர் மொண்டு உன் தலையில் ஊற்றித் தேய்த்தார். பக்கத்தில் முடி இறக்கிக்கொண்டிருந்த வாலிபர்களெல்லாம் அந்தத் தண்ணீருக்குத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். நீ அசையவில்லை.

"வெந்நியா வச்சிருக்கீங்க தம்பி?"

"இல்லம்மா, கொழாத் தண்ணி. ஐஸு மாதிரில்ல இருக்கும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நோய் வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்தத் தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்னல் அவிழாமல் தட்டில் விழுந்தது, குழந்தையின் முடிக்குப் பக்கத்தில். நீ தட்டை எடுத்து மலரின் கையில் கொடுத்தாய். மலர் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உன் தலையிலும் பிள்ளையின் தலையிலும் ஒரே கையால் சந்தனத்தைப் பூசினாள். குழந்தை உன் மொட்டைத் தலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன் தலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டது.

அடுத்த ஊசிக்குப் போனபோது நர்ஸ் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பழக்கத்தில். உன் தலையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். "குடுத்தாச்சா?" என்றாள். "குடுத்தாச்சு" என்றாய். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் உன் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷனும் முடிந்தது. முடி திரும்ப வந்தது, சுருட்டையாக. எனக்கு இந்த வயசில் ஸ்டைலா என்று கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய். நல்லபடியாகத்தான் இருந்தாய். பிறகு அந்தப் புற்று வேறு இடத்தில் வந்தது. இந்தத் தடவை தொப்பியும் கேட்கவில்லை, முடியைப் பற்றிப் பேச்சும் எடுக்கவில்லை. குடுக்க வேண்டியதைக் குடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். நீ போன அன்றைக்கு உன் முடி காதோரம்தான் இருந்தது. பின்னுகிற அளவுக்கு வளரவில்லை.

உன் பேத்திக்கு வளர்ந்திருக்கிறது. எல்கேஜி போகிறாள். மலர் சமையலில் நிற்பதால் காலையில் ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்து முதுகைக் காட்டி உட்காருகிறாள். உன் முடி, தங்கச்சி. அதே கனம், நனைந்தால் அதே கருப்பு. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது எல்லாம் அவிழ்ந்து கிடக்கும். "மாமா, கொஞ்சம் இறுக்கித்தான் பின்னுங்களேன், மிஸ் திட்டுறாங்களாம்" என்று மலர் தினமும் சொல்கிறாள். இதை எழுதும்போதும் சொல்கிறாள்.

நானும் இறுக்க வேண்டும் என்றுதான் உட்காருகிறேன். மூன்று பிரியும் கைக்கு வந்து, இழுக்கப் போகிற நேரத்தில், உன் தலையின் அந்தக் குளிர் உள்ளங்கையில் வந்துவிடுகிறது. கை தானாகத் தளர்ந்துவிடுகிறது.

உன் அண்ணன்